பொரியாத முட்டையும் வழுக்கைத் தலையும்

என் கணவருக்குச் செய்யாறு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் விடியலில் ஆரணியில் பஸ் ஏறுவார், மறு வாரம் மதியத்தில். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து மட்டன் வாங்கப் போனவர், மட்டனோடு ஒரு கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இரண்டு வெள்ளைக் குருவிகள், பொடிப்பொடியாக. ஃபிஞ்ச் என்று கடைக்காரர் சொன்ன பெயர் இவர் வாயில் பிஞ்சு என்று ஆகியிருந்தது.

"ஜோடி. கடைக்காரரே பாத்துக் குடுத்தாரு."

"எதுங்க ஆம்பளை?"

கொஞ்சம் சத்தமாகக் கத்திய குருவியைக் காட்டினார். "அதான். எப்படி அதட்டுது பாரு."

எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தவர் இந்த அடையாளத்தை நம்பியிருக்கக் கூடாது.

கூண்டுக்குள் சின்ன மண்பானை ஒன்றைக் கட்டினார். சீக்கிரமே முட்டைகள் வந்துவிட்டன. பஸ்ஸில் இருந்தே போன் செய்து விசாரிப்பார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும், "இன்னா, தாத்தா ஆயிட்டியா?" என்று அவர்கள் கேட்பது எனக்கும் போனில் கேட்கும்.

ஆகவில்லை. இரண்டு குருவிகளும் மாறி மாறி அடைகாத்தன, முட்டைகள் சேர்ந்துகொண்டே போயின, ஒன்றுகூடப் பொரியவில்லை. இதற்கு நடுவில் ஒரு குருவிக்குத் தலையிலும் பிடரியிலும் இறகு போய் ரோஸ் நிறத்தில் தோல் தெரிய ஆரம்பித்தது. அவர் பேன் என்று முடிவு கட்டி, வேப்பிலைத் தண்ணீர் வைத்தார். தன் தலைக்குக்கூட அவர் இவ்வளவு பாடுபட்டதில்லை. வேப்பிலைக்கு மசியாததும் வேறு காரணம் சொன்னார்.

"குஞ்சு பொரிக்கலன்ற கவலைல கொட்டுது."

"உங்களுக்கு எந்தக் கவலைலங்க கொட்டுச்சு?"

"கல்யாணம்," என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மே மாத விடுமுறை வந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் காய் நறுக்குவேன். அப்படி ஒரு நாள் பார்க்கும்போது, அதட்டுகிற குருவி மற்றதன் பின்னால் போய் நின்று, தலையில் இருந்து ஓர் இறகை வெடுக்கென்று பிடுங்கியது. பிடுங்கியதைப் பானைக்குள் கொண்டுபோய் வைத்தது. பானையில் கூடு கட்ட நாங்கள் எதுவுமே போட்டிருக்கவில்லை. மெத்தென்று கிடைத்தது கூட இருந்த குருவியின் தலைதான்.

பழைய முட்டைகளை எடுத்துப் பானையைச் சுத்தம் செய்துவைத்தேன். மறுபடி முட்டையிட ஆரம்பித்தபோது முதல் நாளே இரண்டு இருந்தன. ஒரு குருவி ஒரு நாளைக்கு ஒன்றுதானே போடும்? அவரிடம் சொன்னேன்.

"ரெட்டையா இருக்கும்," என்றார்.

சில நாள் அடைகாக்கவிட்டு, போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துக் காட்டினேன். பல்பு மாதிரி வெறுமையாக இருந்தது. கரு பிடித்திருந்தால் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். அலகையும் காட்டினேன். ஆணுக்கு நல்ல சிவப்பாக இருக்க வேண்டும், இரண்டுக்குமே ஆரஞ்சு நிறம். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"அப்ப ரெண்டுமே பொம்பளையா?"

"ஆமாங்க."

"அதான் வூட்ல இவ்ளோ சத்தம்."

கடைக்காரர் ஒன்றை மாற்றித் தருவதாகச் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. வளர்த்த பெண்களைக் கொடுப்பதா என்று கேட்டு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த இரண்டு மாப்பிள்ளைகளையும் இன்னொரு கூண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஜோடி ஜோடியாகப் பிரித்தோம். காய்ந்த புல்லும் சின்னதாக நறுக்கிய தேங்காய் நாரும் போட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஆரணில பொறக்கற குஞ்சு தேங்கா நார்லயா படுக்கும்?" என்று, பக்கத்து வீட்டுத் தறியில் கழித்துப்போட்ட பட்டு நூலைக் கைநிறைய அள்ளிவந்து இரண்டு பானையிலும் திணித்துவிட்டார். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

மறுநாள் அவர் வேலை முடிந்து வந்த நேரம், வழுக்கைக் குருவி பானையின் விளிம்பில் ஒரு காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலைச் சுற்றி நூல் இறுகியிருந்தது. அவர் எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் குரல் கொடுத்ததும் பக்கத்து வீட்டு அக்கா தறியை விட்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியும் ஊசியுமாக ஓடிவந்தார்.

"டீச்சர், நீங்க புடிங்க. சார் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க."

கைக்குட்டையில் சுற்றிப் பிடித்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. அக்கா ஊசி முனையால் நூலை நெம்பி நெம்பித் தூக்கி, ஒவ்வொரு சுற்றாக வெட்டினார்.

"பட்டு லேசுல அறுவாது டீச்சர். கயிறு மாதிரி புடிச்சுகினு இருக்கும்."

கால் வீங்கியிருந்தது. சாயந்திரம் அது கொம்பில் இரண்டு காலையும் ஊன்றி நின்ற பிறகுதான் அவர் சட்டையைக் கழற்றினார். பானைகளில் இருந்த பட்டு நூலையெல்லாம் ஓர் இழை விடாமல் எடுத்து வெளியே போட்டார். கிண்டல் செய்ய வாய் வரைக்கும் வந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் செய்தேன்.

தினையோடு வேகவைத்த முட்டையும், கொத்திக்கொள்ளக் கணவாய் மீன் ஓடும் வைத்தோம். குருவியின் வழுக்கைத் தலையில் முதலில் ஊசி ஊசியாக முளைத்து, பிறகு ஒவ்வொன்றாக விரிந்து வெள்ளை இறகு மூடிக்கொண்டது. அதைப் பார்த்தபடி அவர் தன் தலையையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். அடுத்து இட்ட முட்டையில் டார்ச் அடித்தபோது சிவப்பு நரம்பு தெரிந்தது. "தெரியுது, தெரியுது," என்று என்னிடம் ரகசியம் போலச் சொன்னார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும்.

குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வந்த அன்று, வீட்டில் விசேஷம் என்று சொல்லி லீவு போட்டார். தத்தித் தத்தி விழுந்த ஒவ்வொன்றையும் எடுத்துக் கொம்பில் வைத்தார். அவை திரும்பவும் விழுந்தன. வளர்ந்ததும் அக்காவுக்கு ஒரு ஜோடி கொடுத்தோம். அலகை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துத்தான் கொடுத்தோம். தறி ஓடும்போது அதற்கு மேல் கத்துகின்றனவாம். வேலை முடிந்து வரும்போது இவர் அவற்றைப் பார்க்கத்தான் முதலில் அங்கே போகிறார், அக்கா கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு வந்து, என் காபி தண்ணியாக இருக்கிறது என்கிறார்.