நான் பெருமையடித்துக்கொண்ட ஒருசந்தி

2009-ஆம் வருடம், தவக்காலம். அப்போது கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். என் மகள் சிதம்பரத்தில் கல்லூரியில் கடைசி வருடம். தினமும் பஸ்ஸில் போய் வருவாள்.

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் சமயத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. போட்டோவைப் பார்த்தவர்கள், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, உடம்புதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மானமே போனது போல ஆகிவிட்டது. கோபத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்ட முடியுமா? மகளிடம் காட்டினேன். டிவியில் அப்போது ஒரு விளம்பரம் வரும். அவல் மாதிரி எதையோ பாலில் போட்டுச் சாப்பிடும் பெண், இரண்டே வாரத்தில் இடுப்பு சிறுத்து, பழைய உடுப்புக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்துவிடுவாள். "பாத்தியாடி, மனசு வச்சா முடியுது பாரு" என்று சொல்லி, அந்த டப்பாவை நானே வாங்கி வந்து கொடுத்தேன்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று அவளாகவே வந்து, "நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கப் போறேம்மா" என்றாள். நாளைக்கு ஒரே வேளைதான் வயிறாரச் சாப்பிடுவது. எங்களில் பெரியவர்களே அதை வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். போதாததற்கு அவள் மெலிந்துகொண்டும் வந்தாள். சாமிக்குச் சாமியும் ஆச்சு, மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையும் ஆச்சு என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஈஸ்டருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். வயிறு சரியில்லை என்று ரசம் ஊற்றி இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டாள். அதன் பிறகும் தினம் ஒரு சாக்கு.

மூன்று வாரம் போயிருக்கும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று கூடப் படிக்கும் பெண் போன் செய்தாள். அடித்துப் பிடித்து ஓடினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளின் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. எப்போதிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று டாக்டரம்மா கேட்டார்.

"தவக்காலம் பூரா ஒருசந்தி இருந்தா டாக்டர்" என்றேன். அப்போதும் என் குரலில் பெருமைதான்.

"அது எப்ப முடிஞ்சுது?" என்றார்.

ஈஸ்டர் முடிந்து மூன்று வாரம் என்று விரல்விட்டு எண்ணினேன். நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். என் வீட்டுப் பிள்ளைக்கு மாதவிலக்கு நின்று மூன்று மாதமாகிறது என்பதைக்கூட அந்த டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் கண் திறந்தவளிடம், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று அழுதேன். அவள் கோபப்படவே இல்லை. "ஒருசந்தின்னா நீ சாப்பிடச் சொல்லி வற்புறுத்த மாட்டியேம்மா, அதான்" என்றாள். பிறகு மெதுவாக, "டிவியில வர்றவங்கள ஒரு வாட்டி பாத்துட்டு, உடனே என்னைய ஒரு வாட்டி பாப்பியே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள்.

அப்படிப் பார்த்தேனா? பார்த்திருக்கிறேன்.

உடம்பு தேற ஒன்றரை வருடம் ஆனது. இப்போது கல்யாணமாகி நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் என் வீட்டுக்கு வரும்போது, தட்டில் சோறு விழுந்ததும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறாள். எத்தனையோ முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். பெற்ற பிள்ளை ஒரு வாய் சோற்றுக்கு என் முகம் பார்க்கிற வரைக்கும் அந்தப் பாவம் என்னை விட்டுப் போகாது.