மாமாவிடம் கொடுத்த ஓட்டு

அப்பா கண்மூடியபோது அண்ணனுக்கு வீடும், எனக்குக் காவிரிக்கரை நூல் மில் ஒன்றின் பங்குகளும் வந்தன. அண்ணன் வேலை பார்த்ததும் அதே மில்லில்தான். நான் குமாரபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வருடா வருடம் பங்குதாரர் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தூரத்து மாமா வீட்டுக்கு வருவார். மில்லில் நூல் எடுத்து வியாபாரம் செய்பவர். எனக்குப் பதிலாக அவர் ஓட்டுப் போட நான் சம்மதிக்கும் ப்ராக்ஸி தாளும், எனக்கு ஒரு ரவிக்கைத் துணியும் கொண்டுவருவார்.

“நீ எதுக்கு அம்மிணி பஸ் ஏறி அலையோணும்? நான் பாத்துக்கறேன்.”

படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். படிக்கத் தெரியாதவளில்லை, எட்டாவது தேறியவள். மாமா நீட்டிய தாளைப் படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்த முட்டாள்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடமும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். மில்லை மூடி மெஷின்களை விற்கலாமா என்று முடிவெடுக்கத்தான் இந்தத் தடவை கூட்டமாம்.

“இந்த வயசுல என்னைய எவன் வேலைக்குச் சேத்துவான்? நீ போயி மூட வேண்டாம்னு போடு அம்மிணி.”

தாளைக் கொடுத்துவிட்டதைச் சொல்ல வாய் வரவில்லை. மாமாவிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று கூட்டத்துக்குப் போனேன். மில் ஆபீஸ் வாசலில் குமாஸ்தா ஓட்டுச்சீட்டை நீட்டினார்.

“வேண்டாமுங்க, மாமாகிட்ட குடுத்துட்டேன்,” என்றேன். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு!

முன்வரிசையில் இருந்த மாமாவிடம் போய்க் கெஞ்சினேன். “சேர்மனுக்கு வாக்குக் குடுத்துட்டேன் சாமி,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கொடுத்த வாக்கு என் ஓட்டு. மூடலாம் என்று அவர் என் பெயரில் சீட்டுப் போட்டதை, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மில்லை மூடுவதென்று முடிவாயிற்று.

வெளியே வரும்போது குமாஸ்தா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஏனுங்க, நேர்ல வந்த நீங்களே போட்டிருந்தா அந்தத் தாள் செல்லாதுங்களே. அதுக்குத்தானுங்க சீட்டு நீட்டுனேன்.”

கேட்டுக்கு வெளியே அண்ணன் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

“நீ வேண்டாம்னுதானே போட்டே?”

“ஆமாண்ணா,” என்றேன்.

“அது போதும் சாமி. கூடப் பொறந்தவ நீயாச்சும் என் பக்கம் நின்னியே,” என்று என் தலையில் கைவைத்தார். நான் அழுதேன். அண்ணன்தான் என்னைத் தேற்றி பஸ் ஏற்றிவிட்டார்.