எமில்ராஜ் மெலிந்த கதை

குருநகரில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு எமில்ராஜுடையது. அதற்கப்பால் ஒரு வெறுங்காணி, அதற்கப்பால் கடல். மாரியில் எது காணி, எது கடல் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கலியாணம் முடித்த புதிதில் அவன் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். மெலிந்த, கறுத்த, அதிகம் கதையாத பொடியன். ஒருநாள் காதிலிருந்து இரத்தம் வழிய வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி ஜெசிதா பயந்துபோய், இனிக் கடலுக்கு அடியில் போவதில்லை என்று கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். அதன்பிறகு ஐஸ் லொறி ஓட்டினான். ஐஸ் இறக்குகிற ஒவ்வொரு துறையிலும் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. ஒவ்வொரு கடையிலும் சீனி தூக்கலாக ஒரு பிளேன்ரீயும் கூடவே ஒரு றோல்ஸும் காத்திருந்தன. வருடங்கள் இருந்த இடத்திலேயே கழிந்தன. நாற்பத்துநாலு வயதில் அவன் வயிறு லொறியின் ஸ்டியரிங்கை முட்டிக்கொண்டிருந்தது.

ஒரே மகள் டிலக்சி. அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு சித்திரை மாதத்தில், ஜெசிதா மறுபடியும் பிள்ளைத்தாச்சியானாள். யாரும் எதிர்பார்க்காதது. செய்தி உறுதியான அன்று ஜெசிதா வயிற்றில் கை வைத்தபடி யன்னலோரம் கனநேரம் நின்றாள். வெளியே வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. தனக்கு நடப்பதா, வேறு யாருக்கோ நடப்பதைத் தான் பார்த்துக்கொண்டிருப்பதா என்று தெரியாத முகம் என்று எமில்ராஜ் பிறகு என்னிடம் சொன்னான்.

சந்தோசத்தோடு பயமும் வந்தது. ஜெசிதாவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அவளுக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. கட்டிலை விட்டு அதிகம் எழும்பக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, குசினிப் பக்கம் போகவே கூடாது என்றார் டொக்டர்.

அன்று நடந்த இன்னொன்றை எமில்ராஜ் நெடுநாள் யாருக்கும் சொல்லவில்லை. கிளினிக் மேல்மாடியில் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் ஏறியவனுக்குப் பாதிப் படியில் மூச்சு அடைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலிருந்து ஒரு நேர்ஸ் ஓடிவந்து கதிரை போட்டாள், பிள்ளைத்தாச்சிக்கு அல்ல, அவனுக்கு. ஜெசிதா உள்ளே போயிருந்த நேரத்தில் அவனுடைய பிறஷரையும் சீனியையும் அளந்து பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை வளர்ந்து பெரிசாகிறதைப் பார்க்க விருப்பம் இல்லையோ என்று அந்த நேர்ஸ் மெதுவாகக் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் அவன் மறந்திருப்பான். அவனுடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை.

அடுத்த நாள் லொறி முதலாளியிடம் பேசி வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு, எமில்ராஜ் குசினிக்குள் போனான்.

அதுவரை அவன் அங்கே போனது தண்ணீர் குடிக்கத்தான். பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற மிட்வைவ் மிஸ் வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்கு இலையும் மரக்கறியும், கால்வாசிக்கு மீன், மிச்சக் கால்வாசிக்குத்தான் சோறு, அதுவும் சிவப்பரிசி. வெள்ளை மாப் புட்டு வேண்டாம், குரக்கன் மா நல்லது. எமில்ராஜ் தலையாட்டிக் கேட்டான். முதல்நாள் அவித்த குரக்கன் புட்டு நீத்துப்பெட்டிக்குள் ஒரே கட்டியாக இறுகி, களிமண் மாதிரி இருந்தது. அதை உடைத்து உடைத்து மூன்று பேரும் தின்றார்கள்.

ஜெசிதாவின் கட்டில் குசினிச் சுவருக்கு மறுபக்கத்தில் இருந்தது. அவளால் எழும்ப முடியாது, கேட்க முடியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். தாச்சி அடுப்பில் ஏறுகிற சத்தம், தேங்காய் துருவுகிற சத்தம், அகப்பை கீழே விழுகிற சத்தம்.

"கடுகு வெடிக்கேல்லை. எண்ணெய் இன்னும் சுடேல்லை," என்பாள் இந்தப் பக்கத்திலிருந்து.

அவன் பொறுப்பான். கடுகு வெடிக்கும்.

"இப்ப வெங்காயத்தைப் போடுங்கோ."

இப்படித்தான் அந்த வீட்டில் சமையல் நடந்தது. அந்த மாதங்களில் தான் பாதி நித்திரையிலேயே இருந்ததாக ஜெசிதா சொல்வாள். எது கனவு, எது அடுத்த அறையில் நடந்தது என்று இப்போதும் அவளால் சில வேளைகளில் சொல்ல முடிவதில்லை. முருங்கையிலை வறையின் மணத்தோடு நித்திரையாகி, விளைமீன் சொதியின் மணத்தோடு விழித்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவே யன்னல் சீலை காற்றில் உப்பி, மெல்ல அடங்கும். வயிற்றுக்குள் பிள்ளை புரளும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உப்புப் பார்ப்பான்.

விடியற்காலைகளில் அவன் தேகப்பயிற்சி தொடங்கினான். வெளியே ஓடலாம் என்றால் அவளைத் தனியே விட மனமில்லை. அதனால் விறாந்தையில் பாயை விரித்தான். டிலக்சியின் போனில் யாரோ ஒரு பொடியன் செய்து காட்டுவதைப் பார்த்து, தானும் செய்தான். முதலில் சுவரில் கையூன்றித் தண்டால். பிறகு கதிரையில் இருந்து, கை ஊன்றாமல் எழும்புவது. தண்ணீர் நிறைத்த இரண்டு கான்களைத் தூக்கி இறக்குவது. தொடக்கத்தில் பாயில் படுத்தால் திரும்ப எழும்பவே அவனுக்கு நேரம் எடுத்தது. கட்டிலில் இருந்து பார்த்தால் திறந்த கதவினூடாக விறாந்தை தெரியும். ஜெசிதா ஒருக்களித்துப் படுத்தபடி பார்ப்பாள். கருக்கலில் அவன் உருவம் எழும்பும், தாழும், திரும்ப எழும்பும். கடலில் வள்ளங்கள் திரும்பி வருகிற மோட்டார்ச் சத்தம் கேட்கும். கோயில் மணி அடிக்கும்போது அவன் பாயைச் சுருட்டிவிடுவான்.

அந்த நாட்களில் அவனுக்கு ஒரு கனவு வந்துகொண்டிருந்தது. கடலுக்கு அடியில் நிற்கிறான். உடம்பில் பாரமே இல்லை. பச்சை வெளிச்சம். கடற்புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அசைகிறது. அதன் நடுவே ஒரு சின்னப் பிள்ளை நடந்து போகிறது. அவன் பின்னால் போகிறான். மூச்சு முட்டவில்லை. பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் விழித்துவிடுவான். அது ஆணா பெண்ணா என்று கடைசிவரை தெரியவில்லை.

டிலக்சிதான் விலகி இருந்தாள். தாயின் வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்து அவள் வீட்டில் தலை நிமிரவில்லை. ரியூசன், பள்ளிக்கூடம், பூசை என்று வெளியிலேயே நேரத்தைப் போக்கினாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் எங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்று என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். எமில்ராஜுக்கு அது தெரியும். அவளுடைய கோப்பையையும் மூடி வைப்பான். அவள் வந்து தனியே சாப்பிடுவாள்.

ஒரு பின்னேரம் ரியூசன் முடிந்து வந்தவள் குசினி வாசலில் நின்றுவிட்டாள். தகப்பன் சுவரில் சாய்ந்து நிலத்திலிருந்தபடியே நித்திரை. மடியில் சுளகு. சுளகில் பாதி உருவிய முருங்கையிலை. மேற்கு யன்னலால் வந்த வெயில் அவன் காலில் கிடந்தது. டிலக்சி சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்து, சுளகை மெல்ல இழுத்து, மிச்ச இலையை உருவத் தொடங்கினாள். அவன் கண் விழித்தபோது சுளகு நிறைய இலை இருந்தது. மகள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அப்பா, பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறியள்?"

"நீயே சொல்லு பிள்ளை," என்றான் எமில்ராஜ்.

அன்றைக்கு மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். பிறகு அதுவே வழக்கமானது. சாப்பாட்டு மேசை தூசிபிடித்துப் போனது.

எல்லாம் இப்படி இதமாகவே போனது என்றும் இல்லை. ஆவணியில் ஒரு மத்தியானம் ஜெசிதா சீனி போட்டு ஒரே ஒரு தேத்தண்ணி கேட்டாள். அவன் மறுத்தான். அவள் கெஞ்சவில்லை, சத்தம் போடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெயில் இறங்கும் வரை அப்படியே கிடந்தாள். எமில்ராஜ் போய் இஞ்சி தட்டிப் போட்டு இரண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தான். இரண்டிலும் சீனி இல்லை. அவனுக்குச் சீனி இல்லாமல் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்காது என்பது ஊருக்கே தெரியும்.

கட்டில் விளிம்பில் இருந்து அவன் ஒரு மிடறு குடித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நேர்ஸ் கதிரையை உங்களுக்குத்தானே போட்டவ," என்றாள்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? நான் கதவுக்குப் பின்னாலை நிண்டனான். சொல்லுவியள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"பயந்திடுவாய் எண்டுதான் ஜெசி…"

"சொல்லாமல் விட்டதுதான் பயமாக் கிடந்தது."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நேர்ஸ் கேட்டது, அப்பாவின் மத்தியான நித்திரை, தான் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் பயந்து லொறியைக் கழுவிக்கொண்டிருந்த நாட்கள். அவள் எழும்பி, தலையணையில் சாய்ந்திருந்து அந்தக் கசப்புத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தாள். அடுத்த கிளினிக்கில் இரண்டு பேரும் இரத்தம் குத்திப் பார்த்தார்கள். அவனுக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார்கள்.

ஐப்பசி வந்தபோது எமில்ராஜின் சேட்டுகள் தொளதொளத்தன. கன்னம் ஒட்டியது. துறையில் எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவன் கொழுத்தால் வசதி வந்துவிட்டது என்பார்கள், மெலிந்தால் நோய் வருத்தம் வந்துவிட்டது என்பார்கள். அவனுடைய பழைய சுழியோடிக் கூட்டாளி றெஜி ஒரு பை அப்பிளோடு வீட்டுக்கு வந்து, ஒளிக்காமல் சொல்லடாப்பா, என்ன வருத்தம் என்று கண் கலங்கக் கேட்டான். எமில்ராஜ் அவனைச் சாப்பிட இருத்தினான். குரக்கன் புட்டு இப்போது உதிரியாக, மணலைப் போல விழுந்தது. கூட ஒட்டிமீன் குழம்பும் வல்லாரைச் சம்பலும். றெஜி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றான். போகும்போது, ஜெசிதா படுத்துக்கிடந்தும் இப்படிச் சமைக்கிறாளே என்று வியந்தான். எமில்ராஜ் கோப்பையை எடுத்துக் கழுவப் போனான். டிலக்சிதான் சிரித்துக்கொண்டு தகப்பனைக் கையால் காட்டினாள்.

கார்த்திகையின் கடைசியில் மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழை அல்ல. வானத்தை யாரோ மடை திறந்துவிட்டது போல, இரவும் பகலும் ஒரே சத்தமாகப் பெய்தது. ஒழுங்கையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. டொக்டர் கொடுத்த நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. காலை பத்து மணியளவில் ஜெசிதாவுக்கு இடுப்பில் நோ தொடங்கியது.

ஆட்டோ பெரிய ரோட்டில்தான் நிற்க முடியும் என்றார்கள். ஜெசிதா நடக்கிறேன் என்றாள். எமில்ராஜ் அவளைப் போர்வையால் சுற்றித் தூக்கினான். டிலக்சி குடையைத் தாயின் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். நான் எங்கள் கேற்றடியில் நின்று பார்த்தேன். உதவிக்கு இறங்கப் போனேன். அவன் தலையை அசைத்து வேண்டாம் என்றான். கால் வைக்கிற இடத்தைத் தவிர வேறு எதையும் அவன் நினைக்கவில்லை என்று தெரிந்தது.

மழைத் திரைக்குள் அவர்கள் மூன்று பேரும் மெல்ல நகர்ந்தார்கள். வேலியும் மதிலும் சாம்பல் நிறத்தில் கரைந்திருந்தன. வாழைக்குற்றி ஒன்று அவர்களைக் கடந்து மிதந்து போனது. அவன் அவசரப்படவில்லை. ஒரு காலை ஊன்றி, அடி மண்ணைத் தடவிப் பார்த்து, பிறகு மற்றக் காலை எடுத்தான்.

"மூச்சு வாங்குதோ? இறக்கி விடுங்கோ," என்று ஜெசிதா நடுவழியில் கேட்டாளாம்.

"இல்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு கிட."

அவள் கண்ணை மூடினாள். காது அவன் நெஞ்சில் கிடந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் அந்த நெஞ்சு நிதானமாக அடித்துக்கொண்டிருந்ததாம். நோ எழும்பித் தணிகிற இடைவெளியில் தனக்கு ஒரு சின்ன நித்திரைகூட வந்தது என்று அவள் சொல்கிறாள். அவன் அதை நம்புவதில்லை.

பெரிய ரோட்டில் ஆட்டோவுக்குள் அவளை இருத்திவிட்டு அவனும் டிலக்சியும் கூடவே ஏறினார்கள். அன்று பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. நிறை கொஞ்சம் குறைவு, வேறு ஒரு குறையும் இல்லை. டிலக்சி ஏற்கெனவே தேர்ந்து வைத்திருந்த பெயரை வைத்தார்கள், அன்ரனிற்றா.

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஊர்ச் சனம் பார்க்க வந்தது. எமில்ராஜ் பிள்ளை பெற்றவர்களுக்கான சரக்குக் கறியும் பால்சுறா வறையும் சமைத்து ஜெசிதாவுக்குக் கொடுத்தான். வந்த பெண்கள் குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த சில கிழமைகளில் எங்கள் ஒழுங்கை ஆம்பிளைகள் சிலருக்கு வீட்டில் பேச்சு விழுந்தது. எனக்கும் விழுந்தது.

இப்போது அன்ரனிற்றா தத்தித் தத்தி நடக்கிறாள். டிலக்சி ஏஎல் வகுப்பில் படிக்கிறாள். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பாடம் பண்ணுகிறாள். எமில்ராஜ் இன்னும் குளிசை போடுகிறான், இன்னும் ஐஸ் லொறிதான் ஓட்டுகிறான். சில நாட்களில் களைத்துப் போய்ப் பாயை விரிப்பதில்லை. பெருநாளுக்கு இரண்டு றோல்ஸ் தின்றதை யாரும் கேட்காமலே ஒத்துக்கொண்டான்.

ஜெசிதா எழும்பி நடமாடத் தொடங்கியதும் குசினியைத் திருப்பிக் கேட்டாள். அவன் மத்தியானச் சமையலைக் கொடுத்தான். காலைச் சாப்பாட்டை விடவில்லை. நேற்று விடிய நான் கடற்கரைப் பக்கம் போகும்போது பார்த்தேன். விறாந்தைப் பாயில் ஜெசிதா தண்ணீர்க் கான்களைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் நின்று, வெறுங்கையைத் தூக்கித் தூக்கித் தாயைப் போலச் செய்தாள். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. கடலில் இன்னும் வெளிச்சம் வரவில்லை.