ஊசியக்காவின் சனிக்கிழமை

"சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊசியக்கா உளியை மரத்தில் வைப்பார். சுழலும் கட்டையைப் பார்த்து, கொஞ்சாமல், அதட்டாமல், வெகு இயல்பாகச் சொல்வார். ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலையிலிருந்து நீளும் கைகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வாக்கியம் அது. மரத்துக்கென்று தனியாக ஒன்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. "மரத்துக்கு வலிக்குமாக்கா?" என்று யாராவது சீண்டினால், "வலிக்குதோ இல்லையோ, சொல்லிட்டுக் குத்துறதுதான் மரியாதை" என்பார்.

அக்கா மரம் கடையும் கொட்டகை குழாய்க்காரருடையது. அவர் வீட்டுக்குப் பின்னால், உடைந்த கைகழுவும் தொட்டிகளையும் துருப்பிடித்த குழாய்த் துண்டுகளையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, மிச்ச இடத்தில் கடைசல் இயந்திரத்தைப் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நான்கு பேர் அங்கே கூடுவார்கள். 'சங்கம்' என்று சொல்லிக்கொள்வார்களே தவிர, தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது. இதுவரை விவாதித்த ஒரே பொருள், டீ யார் வாங்கிவருவது என்பது. குழாய்க்காரர் வயதில் எல்லோருக்கும் மூத்தவர். அவருக்கும் ஊசியக்கா அக்காதான். கணக்கு வாத்தியார் சதுரங்கக் காய்கள் கடைகிறார். பல வருடமாக ஒரே செட். மந்திரி முடிந்ததும் ராஜாவைப் பிடிக்காமல் போய்விடும், முதலிலிருந்து தொடங்குவார். ரொட்டி வண்டி ஓட்டுபவருக்குப் பம்பரம் தவிர வேறெதுவும் கை வராது. அக்கா கடைவது கிண்ணம்.

அந்தக் கிண்ணங்களை அழகானவை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பல, ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரிச் சாதுவாக இருக்கும். ஆனால் வட்டமாக இருக்கும். எந்த மரமும் அப்படி ஒரு வட்டமாக வளர்வதில்லை. அதை ஒத்துக்கொள்ள அக்காவுக்கு மனமில்லை. நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பொறுக்கி, கடைந்து, உப்புத்தாளால் தேய்த்து, அதைவிட நைசான தாளால் மறுபடி தேய்த்து, முகப்பவுடர் போலத் தூசி எழும்பும்வரை விடமாட்டார். வீட்டில் அலமாரி, ஜன்னல் விளிம்பு, குளிர்பெட்டியின் தலை எங்கும் கிண்ணம். "இந்த வீட்ல குடியிருக்கிறது கிண்ணங்கதான். நாம ரெண்டு பேரும் விருந்தாளி" என்பது அவர் வீட்டுக்காரரின் நிரந்தரப் புலம்பல்.

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காணும் வழக்கம் அக்காவுக்குக் குறைவு. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைப் பார்த்துவிட்டு, "என்ன அருமையான நரம்பு!" என்று வாய்விட்டுச் சொல்லி, அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்தில் அவசரமாக இறங்கிப்போனதும் உண்டு. கைப்பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். கொட்டகையில் யாருக்காவது உளி பட்டுவிட்டால், பட்டவர் 'ஆ' என்று கத்துவதற்குள் பஞ்சு காயத்தின் மேல் இருக்கும்.

இயந்திரம் வந்த கதையை நால்வரும் நான்கு விதமாகச் சொல்வார்கள். மூடப்பட்ட நாற்காலித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ரொட்டி வண்டியில் ஏற்றி வந்தார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த வாரம் முழுக்க ஊருக்குப் போன ரொட்டியில் எந்திர எண்ணெய் வாசனை. அந்த நாட்களில் மாலையில் கொட்டகையை விட்டு வெளியே வரும்போது நான்கு பேரின் தலையும் புருவமும் தூசியில் வெளுத்திருக்கும். "கிழமானா நாம இப்படித்தான் இருப்போம்" என்று ஒருவரையொருவர் காட்டிச் சிரிப்பார்கள். பிறகு தட்டிவிட்டுக் கறுத்த தலையோடு வீட்டுக்குப் போவார்கள். இப்போது எவ்வளவு தட்டினாலும் வெள்ளை போவதில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு இருமல் பிடித்தது. மழை நின்ற பிறகும் அது நிற்கவில்லை. ஏணிபோல் படிப்படியாக ஏறி, உச்சியில் மூச்சை வாங்கிவிட்டுத்தான் இறங்கும். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நெஞ்சு மருத்துவர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "மரத்தூசியா, நுரையீரலா, ரெண்டுல ஒண்ணைத்தான் வச்சுக்க முடியும்க்கா. முகமூடியெல்லாம் இனிமே உங்களுக்குக் காணாது."

அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. கிண்ணத்தை விட்டுவிடலாம், வீட்டில் வைக்க இடமே இல்லை. சனிக்கிழமையை எப்படி விடுவது? கைவேலை எதுவும் இல்லாமல் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்கள் கடைவதைப் பார்க்கும் ஆளாகத் தன்னை நினைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. உட்கார்ந்தாலும் தூசி விடாது. அதனால் இருமல் வரும்போதெல்லாம் தண்ணீர் குடிக்கும் சாக்கில் கொட்டகைக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருமிவிட்டு வந்தார்.

ஒரு சனிக்கிழமை குழாய்க்காரர் திடீரென்று, "மோட்டார் சூடாகுது. இன்னைக்கு எல்லாரும் ஓடைக்கு நண்டு பிடிக்கப் போலாம்" என்றார். நால்வரில் ஒருவரும் ஜென்மத்தில் நண்டு பிடித்ததில்லை. பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, நண்டை எந்தக் கோணத்தில் அணுக வேண்டும் என்று வாத்தியார் விளக்கினார். கல்லுக்கு அடியிலிருந்த நண்டு விளக்கம் முடியும்வரை காத்திருக்கவில்லை. அவருடைய கட்டைவிரலைப் பற்றிக்கொண்டது.

"விடச் சொல்லுங்கக்கா! விடச் சொல்லுங்க!"

"நான் சொன்னா கேக்க அது என்ன உங்க கிளாஸ் பையனா?"

அக்கா பஞ்சைத் தேடிக்கொண்டே கரையில் சரிந்து உட்கார்ந்து சிரித்தார். வயிறு வலித்தது, கண்ணில் நீர் வந்தது, இருமல் மட்டும் வரவில்லை. மற்ற மூவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போது அவர் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மோட்டார் சரியாகிவிட்டிருந்தது. ஆனால் கொட்டகைச் சுவரோரம் அடுக்கியிருந்த காய்ந்த கட்டைகள் ஒன்றுகூட இல்லை. தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். இயந்திரத்தின் பக்கத்தில், பட்டையோடு, அறுத்த வாயில் ஈரம் கசிய ஒரு பச்சைக் கட்டை.

"காஞ்சதெல்லாம் எங்க?"

"தீந்துபோச்சுக்கா" என்றார் குழாய்க்காரர்.

"கரையான் அரிச்சிடுச்சு" என்றார் ரொட்டி வண்டிக்காரர், அதே நேரத்தில்.

அக்கா வாத்தியார் பக்கம் திரும்பினார். பொய் சொல்ல வராத வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, உங்க ராஜா எங்க?"

"வீட்ல. துணியில சுத்தி அலமாரியில வச்சிட்டேன்."

"யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல" என்றார் குழாய்க்காரர். "சுவத்துக்குள்ள குழாய் ஒழுகுறதை வெளிய நின்னு காதால கண்டுபிடிக்கிறவன் நான். கொட்டகைக்குப் பின்னாடி நீங்க இருமுறது எனக்குக் கேக்காதா? பச்சை மரத்துல தூசி பறக்காது, ஈரச் சீவல்தான் விழும். இனிமே சங்கத்துல பச்சை மரம் மட்டும்தான்."

"பச்சையில கடைஞ்சா வட்டம் நிக்காது. காயக் காயக் கோணிக்கும்."

"கோணிக்கட்டுமே."

"என் ஒருத்திக்காக நீங்க மூணு பேரும் கையைக் கட்டிக்கணுமா? நான் என்ன வார்டுல படுத்திருக்கிற நோயாளியா, ஆளாளுக்குப் பாத்துக்கிறதுக்கு?"

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. "இன்னைக்கு சங்கம் லீவா?" என்று கேட்ட வீட்டுக்காரருக்குத் தலைவலி என்று பதில் கிடைத்தது. அவர் மேற்கொண்டு கேட்காமல் ஒரு துணியை எடுத்து, வழக்கமாகத் திட்டித் தீர்க்கும் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். அது அக்காவை இன்னும் கலக்கியது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அக்காவின் நினைவுக்கு வந்ததில் மரம் அநேகமாக இல்லை. பம்பரம் எகிறி டீ டம்ளரில் விழுந்தது வந்தது. உடைந்த குதிரைக்காக வாத்தியார் ஒரு மாலை முழுக்கப் பேசாமல் இருந்தது வந்தது. மழையில் தகரக் கூரை இரைய, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல், ஆனாலும் நால்வரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது வந்தது. என்ன பேசினார்கள் என்று யோசித்தார். ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை.

மூன்றாவது சனிக்கிழமை வாசலில் ரொட்டி வண்டியின் ஹாரன் கேட்டது. வண்டிக்காரர் இறங்கி வந்து படியிலேயே நின்றார்.

"சமாதானம் பேச எனக்கு நேரமில்லக்கா. காத்துல சாஞ்ச மரம், காலையிலதான் அறுத்தாங்க. வண்டியில கிடக்கு. வெயில் ஏற ஏற வெடிக்குது."

"நீங்களே கடையுங்களேன்."

"கோணிப்போன பம்பரம் சுத்துமாக்கா? வாத்தியாருக்கு முதல் கட்டையே வெடிச்சிடுச்சு. குழாய்க்காரர் கடைஞ்சதுல அடி ஓட்டையாகிப் புனலாயிடுச்சு. அதை வச்சு எண்ணெய் ஊத்திக்கிட்டிருக்காரு."

அக்கா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஈரச் சாக்கு போர்த்திய கட்டை. சாக்கை விலக்கினால், அறுத்த வாயின் நடுவிலிருந்து மயிரிழைபோல் ஒரு விரிசல் புறப்பட்டிருந்தது. எந்தச் சமாதானத்தையும் மறுக்கக் கூடியவர் அவர். விரிசல் விடத் தொடங்கிய கட்டையை அவரால் மறுக்க முடியவில்லை. செருப்பைக்கூட மாற்றாமல் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

அன்று கொட்டகையில் தண்ணீர் பறந்தது. உளி பட்டதும் கட்டையிலிருந்து சாரல் கிளம்பி முகத்தில் அடித்தது. நீள நீளமாக ஈர நாடாக்கள் தோளில் விழுந்து தொங்கின. வெள்ளரிக்காய் நறுக்கினாற்போல ஒரு மணம். பின்னால் நின்ற வாத்தியார் குடையை விரித்துக்கொண்டார். கனமாக விட்டால் காயும்போது வெடிக்கும் என்பதால், கிண்ணச் சுவரின் மறுபக்கத்தில் விளக்கு வெளிச்சம் தெரியும் அளவுக்கு அக்கா மெலிதாகக் கடைந்தார். ஒரு முறைகூட இருமவில்லை. மெதுவாகக் காயட்டும் என்று கிண்ணத்தை அதன் சீவலுக்குள்ளேயே புதைத்து, ரொட்டி அட்டைப்பெட்டியில் வைத்து மூடினார்கள்.

பெட்டியைத் திறக்கப் பல வாரங்கள் ஆயின. அதற்குள் வேறு சில பச்சைக் கட்டைகள் வந்து போயிருந்தன. அக்கா ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. திறந்த அன்று நான்கு தலையும் பெட்டிக்கு மேல் குனிந்தன. கிண்ணத்தின் விளிம்பு இரண்டு பக்கம் தூக்கி, இரண்டு பக்கம் தாழ்ந்து, யாரோ கேட்ட கேள்விக்குத் தோளைக் குலுக்கியதுபோல் கிடந்தது.

"யாரோ மேல உக்காந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்றார் குழாய்க்காரர், கொஞ்சம் பயத்தோடு.

அக்கா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். அடியும் கோணியிருந்ததால் கிண்ணம் நிற்காமல் இப்படியும் அப்படியுமாக ஆடியது. டொக், டொக் என்று சின்னச் சத்தம். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, ஆட்டத்தை நிறுத்த அடியில் சொருகப் போனார்.

அக்கா அவர் கையை மெல்ல விலக்கினார். ஆட்டம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளிம்பை விரல் நுனியால் இன்னொரு முறை தட்டிவிட்டார்.