முட்டுக் கொடுத்த நாற்காலி

அலுவலகத்தில் அவருக்கு ‘இடுக்கு அக்கா’ என்று பட்டப்பெயர். பூட்டுக்காரர் பூட்டைப் பார்ப்பார், மணிக்காரர் மணியைப் பார்ப்பார். இரண்டும் சந்திக்கும் இடுக்கைப் பார்ப்பது இவர் வேலை. அமைப்புப் பொறியியல் என்பார்கள்.

“அது என்னடி வேலை?” என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

“மாமியாரும் நல்லவங்க, மருமகளும் நல்லவ. ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல விட்டா என்ன ஆகும்னு முன்னாடியே பாக்கறதும்மா.”

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை.

இவர் பழகுவதற்குச் சுலபமானவர் அல்ல. பாராட்டினாலும், “எதை வெச்சு சொல்றீங்க?” என்பார்.

புதிய மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்கு மறுநாள் திறப்பு. தீ மணி சோதனையில் தேறிவிட்டது. குழந்தைகள் தவறி வெளியே போகாதபடி கதவில் போட்ட மின்பூட்டும் தேறிவிட்டது. இவர் ஒப்புதல் மட்டுமே பாக்கி. ஆனால் அந்தக் கதவு மூடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வேலையாட்கள் போக வர வசதியாக இருக்குமென்று முதல் நாளே வைத்தது. கதவு மூடியிருக்கும்போது மணியை யாரும் அடித்துப் பார்த்ததே இல்லை.

“நாற்காலிய எடுத்துட்டு ஒரு தடவ மணி அடிக்கணும்.”

“ரெண்டும் தனித்தனியா பாஸ் ஆயிடுச்சேக்கா,” என்றார் பூட்டுக்காரர்.

“நெருப்பு தனித்தனியாவா வரும், தம்பி?”

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. “இன்னிக்கு ஒப்புதல் தரலைன்னா நாளைலேர்ந்து நீங்க வர வேண்டாம். வேற ஆள் தருவாங்க.”

“தரட்டும் சார். நான் தரமாட்டேன். வேலை போனாலும் தரமாட்டேன். அதுக்கு முன்னாடி, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?”

மேலாளர் உள்ளே வந்தார். இவர் நாற்காலியை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தி, சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

மணி அலறியது. தீ பரவாதிருக்க, மணி அடித்ததும் அந்தப் பிரிவின் மின்சாரம் நிற்கும், அது சரிதான். மின்சாரம் நின்றால் பூட்டு பூட்டியபடியே இருக்கும், அதுவும் சரிதான். இரண்டு சரிகளுக்கும் நடுவில் மேலாளர் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார்.

“மணிய நிறுத்துங்கம்மா!”

“அது பேட்டரில ஓடுது, கரண்ட் வந்தாதான் நிக்கும். அதுவும் பாஸ் ஆனதுதான் சார்.”

“உள்ள யாரு?” என்று பூட்டுக்காரர் வெளியிலிருந்து கத்தினார்.

“குழந்தைங்கன்னு வெச்சுக்கோ!”

கடப்பாரை வந்து கதவு திறந்தது. மேலாளர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், “திறப்பைத் தள்ளிப் போடுங்க,” என்றார்.

“நாளைக்கு நான் வரணுமா, வேண்டாமா?”

மேலாளர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

“அக்கா, அது எங்களோடது!” என்றார் பூட்டுக்காரர்.

“மணி அடிச்சதும் கதவு தானா திறக்கட்டும், தர்றேன். நாளைக்குக் காலைல வந்துடுவேன்.”