சகாயராணியின் தாடை

சகாயராணிக்குப் பல் உடைந்தது கடலை மிட்டாயைக் கடித்தபோது அல்ல, டீயில் நனைத்த பாவ் ரொட்டியைத் தின்னும்போது. வாயில் கல் போல ஏதோ அகப்பட்டது. ரொட்டியில் ஏது கல் என்று கையில் துப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் கிடந்தது அவளுடைய கடைவாய்ப்பல்லின் ஒரு சில்லு.

அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது மும்பையில் தாராவி, கட்டிக்கொடுத்ததும் தாராவி. கணவர் வேதமுத்து சயானில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஓட்டினார். மகள் ஸ்வீட்டி கல்லூரியில் கடைசி வருஷம். சகாயராணிக்குச் செம்பூரில் வேலை. லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் போன் எடுப்பவள். செம்பூரிலிருந்து முலுண்ட் வரைக்கும் அந்தக் கம்பெனி பார்க்கிற எந்த லிப்ட் நின்றாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், சிலர் கெட்ட வார்த்தையும் சொல்வார்கள். அவள் பதிலுக்குக் குரலை உயர்த்தியதே இல்லை. "கப்ராயியே மத், ஆத்மி நிக்கல் கயா", பயப்படாதீர்கள், ஆள் கிளம்பிவிட்டான் என்று இந்தியில் ஒரே சீராகச் சொல்வாள். ஆபீசில் அவளைப் போல நிதானமான ஆள் கிடையாது என்று பெயர்.

தொண்ணூறு அடி ரோட்டில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் சஃபீனா காயல்பட்டினத்துக் குடும்பத்துப் பெண். உடைந்த பல்லைப் பார்த்துவிட்டு விளக்கைத் தள்ளி வைத்தார்.

"அக்கா, இப்ப உங்க மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கிட்டு இருக்கா, விலகி இருக்கா?"

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கு. வாய மூடுனா பல்லு தொடத்தானே செய்யும்?"

"தொடக்கூடாதுக்கா. உதடு மூடியிருக்கலாம், பல்லு விலகித்தான் இருக்கணும். சாப்பிடும்போதும் எச்சி முழுங்கும்போதும் தொட்டாப் போதும்."

டாக்டர் விளையாடுகிறார் என்று நினைத்தாள் சகாயராணி. டாக்டர் அவளுடைய கையைப் பிடித்துக் காதுக்குக் கீழே கன்னத்தில் வைத்து அழுத்தினார். தொட்ட இடம் கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிக் கிடந்தது, வலித்தது.

"ராத்திரியும் கடிக்கிறீங்க. பல்லு தேஞ்சிருக்கிறதப் பாத்தாலே தெரியுது. வீட்டுல ஏதாச்சும் டென்ஷனா?"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்றது. "எனக்கு என்ன டென்ஷன் டாக்டர்? அவுக குடிக்க மாட்டாக. மக நல்லா படிக்கா. கைகால் சொகமா இருக்கு. ஊருல எத்தன பேரு எவ்வளவு கஷ்டத்துல இருக்காக."

"பெருசா ஒண்ணு வந்திருந்தா ஒரு நாளு அழுது தீத்திருப்பீங்க. சின்னச் சின்னதா தெனமும் வாரதுக்கு யாருக்கா அழுவா? அதெல்லாம் போயி எங்கயாவது உக்காந்துக்கிடும். சிலருக்குக் கழுத்துல, சிலருக்கு வயித்துல. உங்களுக்குத் தாடையில."

வீட்டுக்கு வந்து வேதமுத்துவிடம் சொன்னாள். அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து எலிப்பொறியை வெளியே இழுத்தார். உள்ளே காய்ந்த கருவாட்டுத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அப்ப அது எலி இல்லையா?"

"எது?"

"ராத்திரி ஆனா நறநறன்னு ஒரு சத்தம். மரத்த எலி கொறிக்கின்னு நானும் மாசக்கணக்கா கருவாடு மாத்தி மாத்தி வைக்கேன். ஒண்ணு கூட விழல."

ஸ்வீட்டி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சகாயராணியும் சிரித்தாள். ஆனால் அன்று பாத்திரம் கழுவும்போது அவளுக்குத் தன்மேலேயே பரிதாபமாக இருந்தது. தூங்கும்போதுகூடவா ஒரு மனுஷி வேலை செய்துகொண்டிருப்பாள்?

அம்மாவைச் சரிசெய்யும் பொறுப்பை ஸ்வீட்டி எடுத்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் அம்மாவைப் படுக்கவைத்து, காதில் இயர்போன் மாட்டி, மொபைலில் ஒரு ஆப்பைப் போட்டுவிட்டாள். "கண்ண மூடு மம்மி. அவ்ளோதான், ரிலாக்ஸ்." மலையில் ஓடை ஓடும் சத்தம் கேட்டது. சளசளவென்று நீர் விழுந்தது. சகாயராணி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தாள். திடீரென்று வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "தண்ணி வந்துட்டு!" என்று டிரம்மைத் தூக்கினாள்.

"அரே மம்மி, அது ஆப்!"

தண்ணீர்ச் சத்தம் கேட்டு நிம்மதியாகக் கிடப்பதற்குத் தாராவியில் யாருக்குப் பழக்கம்?

அதற்கப்புறம் அவளே முயன்றாள். தளர்ந்து இரு, தளர்ந்து இரு என்று நாள் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லத் தோள் காதுவரைக்கும் ஏறியது. பல்லுக்குக் கேப் போடப் போனபோது டாக்டரிடம் முறையிட்டாள்.

"ரிலாக்ஸ் ஆகணும்னு மல்லுக்கட்டாதீங்கக்கா. அது இன்னொரு வேலையாப் போயிரும். எப்பக் கடிக்கிறீங்கன்னு மட்டும் பாருங்க. பாத்துட்டீங்கன்னா பல்ல விலக்கிட்டு, மூச்ச மெதுவா வெளிய விடுங்க. உள்ள இழுக்கிறதவிட வெளிய விடுறது நீளமா இருக்கட்டும். அம்புட்டுதான்."

இதில் என்ன இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. போன் மணி அடித்தால் பல் கடிபட்டது. அது சரி. குர்லாவில் ரயில் ஏறும்போது கடிபட்டது, அதுவும் சரி. வெங்காயம் நறுக்கும்போது எதற்கு? சேலைக்கு மடிப்பு வைக்கும்போது எதற்கு? ஞாயிற்றுக்கிழமை பூசையில், கண்ணை மூடிச் சமாதானத்துக்காக ஜெபிக்கும்போதும் தாடை பூட்டுப் போட்டது போல இருந்தது. கோயிலிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்டுபிடித்த இடத்தில் கடியை விட்டாள். அடுத்த நிமிஷமே மறுபடியும் கடிபட்டது. மறுபடியும் விட்டாள். போன் அடித்தால் பாய்ந்து எடுக்காமல், முதல் மணி முடியும்வரை மூச்சை வெளியே விட்டுவிட்டு எடுத்தாள். அதற்குள் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் மத்தியானம் செம்பூரில் பாதி ஏரியாவுக்குக் கரண்ட் போனது. லிப்ட்டுகள் வரிசையாக நின்றன. போன் ஓயவில்லை. மெக்கானிக்குகள் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு போன் வந்தது. பெண் குரல், வயதானவர். இந்தியில் தொடங்கி மூச்சு வாங்கி நின்றுவிட்டார். பிறகு, "பகவானே, யாராவது இருக்கேளா?" என்றார்.

"இருக்கேன் மாமி. தமிழ்லயே பேசுங்க. லிப்ட்ல தனியாவா இருக்கீங்க?"

"தனியாத்தான். சின்னதா ஒரு லைட் எரியறது. காத்தே வரலை. எனக்கு என்னமோ பண்றது. கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்கறது."

"காத்து வரும் மாமி, லிப்ட்டுல அதுக்கு எடம் விட்டிருக்கும். கதவத் தட்டாதீங்க, தெறக்கவும் பாக்காதீங்க. உங்க பேரு என்ன?"

"ருக்கு."

வழக்கமாக இந்த இடத்தில், ஆள் கிளம்பிவிட்டான் என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுப்பாள். ஆனால் மெக்கானிக் மாரிசெல்வம் கோவண்டியில் இன்னொரு லிப்ட்டைத் திறந்துகொண்டிருந்தான். வருவதற்கு நேரமாகும். அந்தப் பக்கம் பற்கள் கிட்டிப் பேச்சு உடைவது அவளுக்குக் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்.

"மாமி, ஆள் வர கொஞ்சம் லேட்டாகும், பொய் சொல்லல. ஆனா வந்திருவாரு. மொதல்ல கீழ உக்காருங்க. போன ஸ்பீக்கர்ல போட்டு மடியில வைங்க. இப்பப் பல்லக் கடிச்சிருக்கீங்களா?"

"ஆமாம்மா, ஏன்?"

"அத மட்டும் விடுங்க. உதடு மூடியிருக்கட்டும். மூச்ச மெதுவா வெளிய விடுங்க, சூடான பால ஊதுற மாதிரி. நானும் விடுறேன்."

இரண்டு பேரும் விட்டார்கள். பக்கத்து மேஜையில் வேறு போன்கள் அடித்தன. மேனேஜர் வேங்கடசுப்ரமணியன் அவற்றை ஓடி ஓடி எடுத்தார். சகாயராணி தன் போனை வைக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக மாமியின் குரல் திரும்பியது. "கையை வெச்சுண்டு சும்மா இருக்க முடியலைம்மா" என்றார்.

"கையில என்ன இருக்கு மாமி?"

"கொத்தவரங்கா. மார்க்கெட்லேர்ந்து வரேன்."

"அப்ப அத உடைங்க."

"லிப்ட்லயா?"

"யாரு பாக்கப் போறா?"

டக், டக் என்று காய் உடையும் சத்தம் போனில் கேட்டது. மாமி கொத்தவரங்காயை எப்படிச் சமைப்பார் என்று சொன்னார். கணவர் போனபின் ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்காமல் போனதையும், மகன் வருகிறான் என்பதால் இன்று வாங்கியதையும் சொன்னார். சகாயராணி கேட்டுக்கொண்டிருந்தாள். மாரிசெல்வம் வந்து கதவைத் திறந்தபோது, மாமி லிப்ட்டின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாதிக் காயை முடித்திருந்தாராம். "இரப்பா, காம்பையெல்லாம் பொறுக்கிண்டு வந்துடறேன்" என்றாராம்.

போனை வைத்தபின் சகாயராணி நாற்காலியில் சாய்ந்தாள். மற்ற நாட்களில் இப்படி ஒரு மத்தியானம் முடிந்தால் தலை இடிக்கும். அன்று இடிக்கவில்லை. பசிதான் எடுத்தது. மணி நான்கு, டிபன் டப்பா திறக்காமலே இருந்தது. போனை ஒரு கையிலும் சோற்றை ஒரு கையிலும் வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூச்சை எவ்வளவு நீளமாக விட்டாலும் இது சரியாகாது என்று தோன்றியது.

மறுநாள் மேனேஜரிடம் போனாள்.

"சார், மத்தியானம் அரை மணி நேரம் நான் போன் எடுக்க மாட்டேன். சாப்பிடப் போறேன்."

"அப்போ போனை யார் எடுக்கறது?"

"நேத்து நீங்க நல்லாத்தானே எடுத்தீங்க."

வேங்கடசுப்ரமணியன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பாப்போம்" என்றார். முணுமுணுப்போடுதான், ஆனால் அன்றிலிருந்து அவரே எடுத்தார்.

ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னத் தோட்டம். மழை இல்லாத நாட்களில் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். முதல் வாரம் கை தானாகப் போனைத் தேடியது. இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மீன்குழம்புச் சோற்றை மெதுவாக மென்றவள் சட்டென்று நிறுத்தினாள். இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வேதமுத்துவிடம் கேட்டாள். "ஏங்க, என் கொழம்புல புளி ஜாஸ்தியா இருக்குமோ?"

வேதமுத்து மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்தே ஜாஸ்திதான்" என்றார் அவர்.

"பெறவு ஏன் சொல்லல?"

"நீ இருந்த இருப்புல யாரு சொல்லுவா?"

சகாயராணிக்குக் கோபம் வரவில்லை. அடுப்படிக்குப் போய், மறுநாளுக்கு ஊறவைக்கும் புளியில் பாதியை எடுத்துத் தனியே வைத்தாள்.