பிச்சு பீட்ஸ் தளத்தில் ஒரு விசில்

கேரளத்து ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் ஒரு டி.ஜே. இருக்கிறார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நம்பத்தான் வேண்டும். பிச்சுமணிக்கு நாற்பத்தாறு வயது. நெற்றியில் விபூதி, இடுப்பில் வேஷ்டி, மேலே கறுப்பு டீ ஷர்ட். அதன் முதுகில் 'பிச்சு பீட்ஸ்' என்று வெள்ளி எழுத்து மின்னும். அவருடைய அப்பா சாலை பஜாரில் மிளகாய் மண்டிகளுக்குக் கணக்கெழுதியவர். பிள்ளை பாங்க் பரீட்சை எழுதி உத்தியோகத்தில் அமர்வான் என்று நம்பிக்கொண்டிருந்தார். பிள்ளையோ தெருப் பிள்ளையார் உற்சவத்தில் பாட்டுப் போடப் போனவன், அந்த ஸ்பீக்கர் பெட்டிகளோடேயே போய்விட்டான். 'கழுதை கெட்டால் குட்டிச்சுவர்' என்று அப்பா அன்றைக்குச் சொன்னதை பிச்சுமணி இப்போதும் சிரித்துக்கொண்டேதான் எடுத்துச் சொல்வார்.

கல்யாண ரிசப்ஷன், ஹல்தி, காலேஜ் ஆண்டு விழா, பிளாட்காரர்களின் ஓணம் என்று எது வந்தாலும் சரி, வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், பாட்டுப் போட்டு, உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி ஆட வைத்துவிட்டு வருவார். மலையோர வித்துரா வரைக்கும் மழையில் போய் ஆட வைத்திருக்கிறார். வேலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நிகழ்ச்சி தொடங்குமுன் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் குனிந்து, அதன் வாயருகே காதை வைத்து, முழுச் சத்தத்தில் கேட்டுப் பார்ப்பார். மீட்டர் காட்டுவதை அவர் பொருட்படுத்தியதே இல்லை. "எனக்குக் காதாக்கும் மீட்டர்" என்பார். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் வழக்கம். வேனை ஓட்டி, வயர் இழுத்து, கூடவே நின்றவன் பாறசாலைக்காரன் பினு. போன வருஷம் அவன் ஷார்ஜாவில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

அவன் போனதிலிருந்து தொழில் படுத்துவிட்டது. கர்க்கடகம் என்னும் ஆடி மாதத்தில் கேரளத்தில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் மற்ற வருஷங்களில் அந்த மாதத்திலேயே அடுத்து வரும் ஆவணியான சிங்க மாதத்து முகூர்த்தங்களுக்கெல்லாம் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் ஒருவர்கூட வரவில்லை. மைத்துனன் பழவங்காடியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான். "சிங்கத்துல ஒண்ணும் வரலைன்னா நம்ம கடையில வந்து கல்லாவுல உக்காருங்கோ அத்திம்பேர்" என்று சொல்லிவிட்டான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். பிச்சுமணியோ, எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவே பில் போட்டுக்கொண்டு கிடப்பதைவிட வேறு எதுவும் மேல் என்று நினைத்தார். ஒரே ஒரு சிங்க மாதக் கல்யாணமாவது வேண்டும். அது வந்தால் தலை தப்பும்.

குற்றம் யார்மேல் என்று யோசித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிச்சுமணிக்குக் கோணலாகத் தெரிந்தது அவருடைய வலைத்தளம்.

அந்தத் தளத்தை அவரேதான் கட்டினார். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது யூடியூப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. கறுப்புப் பின்னணி, ஓடுகிற எழுத்துகள், மூலைக்கு மூலை சுழலும் விளக்கு. நடுவில் 'உள்ளே வாருங்கோ' என்று ஒரு பெரிய பட்டன். அதை அமுக்காமல் தளத்துக்குள் போக முடியாது. அமுக்கினால் பாட்டு அதிரும். சத்தமில்லாமல் ஒரு டி.ஜே.யின் வாசலா என்பது அவர் நியாயம். அந்தப் பாட்டு ஒரு ரிசப்ஷனில் அவரே ரிக்கார்டு செய்தது. மணப்பெண்ணின் தாய்மாமன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிய சாயங்காலம் அது. தன் வாழ்க்கையில் அதைவிட நன்றாக வாசித்ததில்லை என்று நினைப்பார். வருஷா வருஷம் அதைக் கேட்கும்போது கொஞ்சம் மங்கலாக இருப்பதுபோலத் தோன்றும். உடனே மேல் ஸ்தாயியை இன்னும் கொஞ்சம் ஏற்றி, பளிச்சென்று ஆக்கி, மறுபடி தளத்தில் போடுவார்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்த மாதம் முழுக்க மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து தளத்தைத் திருத்தினார். ஓடுகிற எழுத்துகளை நிறுத்தினார். படங்களைச் சின்னதாக்கினார், பக்கம் சட்டென்று திறந்தது. போன் நம்பரை மேலே பெரிதாகப் போட்டார். மனைவி திவ்யலட்சுமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இப்போ கண்ணுக்கு லட்சணமா இருக்கு" என்றாள். அவருக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது.

வேலை முடிந்த வாரமே ஒரு விசாரிப்பும் வந்தது. பழவங்காடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவரின் மகள் ஷில்பாவுக்குச் சிங்க மாதத்தில் கல்யாணம். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் பெண். "சைட் லிங்க் அனுப்புங்க அங்கிள், பாத்துட்டுச் சொல்லுகேன்" என்றாள். திருத்திய தளத்தைப் பெருமையோடு அனுப்பினார். பதில் இல்லை. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"அங்கிள், தப்பா நினைக்கண்டாம்" என்று ஷில்பா தயங்கினாள். "வேற டீமை உறப்பிச்சு, பேசி முடிச்சாச்சு."

"சாரமில்லம்மா, பரவாயில்லை. தளத்துல என்ன கொறைன்னு மட்டும் சொன்னா நான் சரி பண்ணிக்குவேன்."

"சைட்டு நல்லா இருக்கு அங்கிள். அந்தப் பட்டன் அமுக்கின உடனே பாட்டுக்க மேல ஒரு விசில் வருதில்லா? பாட்டு தீருற வரைக்கும் வருது. நான் ஹெட்போன் வச்சிருந்தேன், காது வலிச்சு ஊரி எறிஞ்சேன்" என்றாள். "ஆறு மாசம் முந்தி நீங்க போட்ட மாமாவுக்க மகன் ரிசப்ஷன்லயும் இப்படித்தான் கூர்மையா இருந்துச்சு. நாங்கெல்லாம் வெளியே போய் நின்னோம். ஸாரி அங்கிள்."

பிச்சுமணி போனை வைத்துவிட்டுப் பட்டனை அமுக்கினார். பாட்டு வந்தது. டம் டம் என்று அடி விழுந்தது, ஜனங்களின் கூச்சல் வந்தது. விசில் எங்கே? கடைசிவரை கேட்டார். பெட்டியின் வாயில் காதை வைத்தும் கேட்டார். விசிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதற்கெடுத்தாலும் காது வலி என்று முணுமுணுத்தார். ஆனாலும் மனசு அடங்கவில்லை.

காதைச் சோதிப்பதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருப்பது அவருக்குத் தெரியும். ஒற்றை நாதம் ஒன்று கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். திரையில் எண்ணும் கூடவே ஏறும். பெட்டிகளில் சத்தத்தைக் கூட்டி அதை ஓடவிட்டார். தடித்த ரீங்காரம் மெல்ல மெல்ல மெலிந்து மேலே போயிற்று. பாதி வழியில் நின்றுவிட்டது. அட, இவ்வளவுதானா என்று அதை நிறுத்தக் கையை நீட்டினார். திரையில் எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அடுக்களையிலிருந்து திவ்யலட்சுமி ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அதை நிறுத்துங்கோளேன். பல்லெல்லாம் கூசறது."

"எதை?" என்றார் பிச்சுமணி.

அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையைக் காதிலிருந்து மெதுவாக எடுத்தாள். அடுப்பில் என்னவோ இருப்பதுபோலத் திரும்பிப் போய்விட்டாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். தளத்தைத் திருத்த உட்கார்ந்தவருக்குத் தன் காது போய்விட்டது தெரிந்தது. முழுக்கப் போகவில்லை, பேச்சுக் கேட்கிறது, மத்தளம் கேட்கிறது, மழை கேட்கிறது. மேல் ஸ்தாயி மட்டும் எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கிறது. அந்த அருமையான சாயங்காலத்தில் மைக் வழியாக ஒரு விசில் புகுந்திருக்கிறது. அது கேட்காமலேயே வருஷா வருஷம் அதை ஏற்றி ஏற்றித் தளத்தின் வாசலில் வைத்து, அமுக்காமல் உள்ளே விடமாட்டேன் என்று பூட்டும் போட்டிருக்கிறார். உலகத்தில் வேறெந்தத் தொழில்காரனும் இப்படித் தன் வாசலில் தானே முள்ளை வெட்டிப் போட்டிருக்கமாட்டான்.

ஷார்ஜாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, சொகந்தானே?" என்றான் பினு.

"டேய், நம்ம புரோகிராமுல சத்தம் கூர்மையா இருந்ததோ? நெஜத்தைச் சொல்லு."

"அண்ணன் எல்லாம் செட்டு பண்ணிட்டு மைக்கு எடுக்கப் போவீங்க இல்லியா, அப்ப நான் மேல் சத்தத்துக்குள்ள நாப்பைத் திருகி கொஞ்சம் கொறச்சு வைப்பேன்" என்றான்.

"எதுக்கு?"

"ஆளுவ காதைப் பொத்துவாங்க அண்ணா."

"எப்போலேர்ந்து?"

"கொரோனாவுக்கு முன்னால இருந்தே உண்டு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லலை?"

"எப்படி அண்ணா சொல்ல? அண்ணனுக்க காதை வச்சுல்லா நம்ம பொழைப்பு."

பிச்சுமணிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரே 'பிச்சு பீட்ஸ் சவுண்டு என்றால் தனி' என்று பேசிய காலமெல்லாம் கண்முன் வந்தது. அந்தத் தனி பினுவின் விரலில் இருந்திருக்கிறது. தான் பெட்டியின் முன்னால் குனிந்து காதை வைத்து எழுந்ததெல்லாம், பூசாரி மணி ஆட்டுவதுபோல ஒரு சடங்கு. சாலை பஜாரில் கணக்கெழுதிய மனுஷர் சொன்ன குட்டிச்சுவருக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் மனுஷ மனசு லேசில் விடுமா? கண் இருக்கிறதே என்று தோன்றிற்று. மறுநாள் காலையில் அந்தப் பாட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தார். ஓசையை மேடும் பள்ளமுமாகப் படம் போட்டுக் காட்டும் வசதி அதில் உண்டு. மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் ஊசி மாதிரி ஒன்று நிமிர்ந்து நின்றது. அதுதான் விசில். அந்த இடத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். இன்னொரு முனை எழுந்தது, அதையும் இழுத்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊசியெல்லாம் அமர்ந்து படம் சமமாகும்வரை இழுத்தார். காது போனால் என்ன, கண்ணால் பார்த்துச் சரி பண்ணலாம். கூட ஒரு நல்ல காது இருந்தால் போதும், நிகழ்ச்சிக்குத் திவ்யாவையே அழைத்துக்கொண்டு போகலாம். இப்படி ஒரு திட்டம் மெல்ல உருவாயிற்று. ஷில்பா போனால் இன்னொரு ஷில்பா வருவாள்.

மத்தியானம் மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்கே வா. பெட்டியில வேண்டாம், ஹெட்போன்ல கேளு. அப்பத்தான் சரியாத் தெரியும்."

ஸ்பீக்கர் பெட்டியின் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினார். ஹெட்போனை எடுத்துத் தன் கையாலேயே அவள் தலையில் மாட்டி, கொண்டையை ஒதுக்கிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, பாட்டை ஓடவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை முடிவுக்குக்கூட அவர் அப்படி நின்றதில்லை.

திவ்யலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முழங்காலில் விரலால் தாளம்கூடப் போட்டாள். திரையில் பாட்டு ஓடி முடிந்ததும் அவர் அவள் தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"விசில் இருக்கோ?"

"இல்லவே இல்லை. நன்னாயிருக்கு" என்றாள். "முன்னே எப்படி இருந்ததோ அப்படியே ஆயிடுத்து. கஷ்டப்பட்டதுக்குப் பலன் உண்டு, கேட்டேளா?"

"நெஜமாவா?"

"உங்ககிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்? இலையைப் போடறேன், வாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிச்சுமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு காரியம் கைகூடியிருக்கிறது. ஹெட்போனைச் சுற்றி வைக்கலாம் என்று வயரைக் கையில் எடுத்து இழுத்தார். அது தடையில்லாமல் வந்தது. மேஜைக்கு அடியிலிருந்து அதன் முனை தரையில் உரசிக்கொண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது. பெட்டியின் வயரைப் பிடுங்கியவர், ஹெட்போன் வயரைச் சொருகவே இல்லை. அவள் கேட்டது ஒன்றுமில்லாததை. ஒன்றுமில்லாததற்குத்தான் கண்ணை மூடித் தாளம் போட்டிருக்கிறாள்.

முனையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். இப்போது சொருகிவிட்டு மறுபடி கூப்பிடலாம். வருவாள், கேட்பாள், நன்னாயிருக்கு என்பாள். விசில் காதைத் துளைத்தாலும் முகம் சுளிக்காமல் அதையேதான் சொல்வாள். பினு சொல்லவில்லை, இவளும் சொல்லமாட்டாள். அவர்மேல் பிரியம் உள்ள எந்தக் காதும் அவருக்கு இனி உதவாது.

"தளத்துல போட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பிச்சுமணி திரையைத் தன் பக்கம் திருப்பி, தளத்தை அடியோடு நீக்குவதற்கான இடத்துக்குப் போனார். நிச்சயம்தானா என்று அது கேட்டது. ஆம் என்று அமுக்கினார்.

"போட்டாச்சு" என்றார்.

"இனிமே பாருங்கோ, நிறுத்தாம கூப்பிடுவா."

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து சாப்பிடப் போனார்.